சீ வியூ பாருக்கு ஒரு ஜன்னல்

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முதல் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அறுபத்தொரு நாள் கரையில் நிற்கும். படகு நின்றால் என் கடையும் பாதி நின்ற மாதிரிதான். எனவே இந்த இரண்டு மாதத்துக்குள் கடையைப் புதுப்பித்துவிடுவதாக முடிவு. அதற்காகவே இந்த டைரி. நாளைக்குத் தச்சர் அப்படிச் சொன்னார், கொத்தனார் இப்படிச் சொன்னார் என்று தகராறு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

காரணத்தை முதலிலேயே எழுதி வைக்கிறேன். காரணம் சுவர். டிசம்பர் புயலில் பின்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது. இடித்துத்தான் கட்ட வேண்டும் என்கிறார் கொத்தனார். இடிப்பதுதான் இடிக்கிறோம், ஒரு ஜன்னலும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அப்பா இந்தக் கடைக்கு 'சீ வியூ பார்' என்று பெயர் வைத்தார். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலிலிருந்து அறுபது தப்படியில் இடம் வாங்கி, அந்தப் பெயரையும் வைத்து, கடைக்கு ஒரு ஜன்னல்கூட வைக்காமல் கட்டினார். குடிக்கிறவன் முகம் வெளியே தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. வாசலில் பச்சைத் திரை, உள்ளே மேசைக்கு மேசை பலகைத் தடுப்பு. உள்ளே வருகிறவனுக்குத் தன் கிளாஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஏப்ரல் 17, வியாழன்

டைரியை எங்கே வைப்பது என்று யோசித்து, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிசம்பர் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். யாரும் என்றால் பெர்னதெத். பெண் வேலைக்காகத் திருச்சிக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பெர்னதெத் குப்பத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவளிடம் பத்தாவது படித்தவர்கள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் என்பதால் 7 போட்டால் அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு போடுவாள். காலண்டரில் சிலிண்டர் வந்த தேதியைக் குறிப்பதிலும் அந்தக் கோடு தவறாது. அவ்வளவு கறார்.

கல்யாணமான மூன்றாம் நாள் அப்பா அவளைக் கடை காட்ட அழைத்துப் போனார். பச்சைத் திரைக்கு முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றாள். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். இருபத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது, இன்றுவரை மிதிக்கவில்லை. இத்தனைக்கும் கடையில் தொட்டுக்கொள்ள வைக்கும் எலுமிச்சை ஊறுகாய் அவள் போடுவதுதான். அது வாராவாரம் வாசப்படியைத் தாண்டுகிறது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. சுவர் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

தச்சர் தெய்வசிகாமணி வந்து அளவெடுத்தார். நகரத்தில் பழைய வீடுகளை இடிக்கும் இடத்திலிருந்து தேக்குக் கதவும் உத்தரமும் வாங்கிப் போட்டிருக்கிறார். நூறு வருஷ மரமாம், உப்புக்காற்றுக்கு அசையாதாம். இரும்பு ஆணி ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் பித்தளை ஸ்க்ரூ. ஒரு கவுண்டர், ஆறு மேசை, முதுகுப் பலகை வைத்து, கடலைப் பார்த்தபடி நான்கு நீள பெஞ்சு.

கடைசியாக, "ஜன்னலோரம் ஒத்தையா ஒரு நாற்காலி வேணும். உயரம் பதினேழு அங்குலம்" என்றேன்.

"எல்லாரும் பதினெட்டு போடுவாங்க. அது ஏண்ணே பதினேழு?"

"குள்ளமான கஸ்டமர் வந்தா?"

"நம்ம கடைக்குக் குள்ளமா யாருண்ணே வர்றா? அஞ்சாப்புலியே ஆறடி. நீங்கதான் குள்ளம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். வேலை மட்டும் சுத்தம்.

மே 2, வெள்ளி

சுவரை இடித்தார்கள்.

ஐம்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்குள் வெயில் வந்தது. நான் இந்தக் கடையில் வளர்ந்தவன். தரை கறுப்பு சிமென்ட் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஏதோ பூ மாதிரி தெரிந்தது. உட்கார்ந்து தேய்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பூ போட்ட ஓடு. கடை முழுவதும். இரண்டு மணி நேரம் மண்டி போட்டுத் தேய்த்ததில் முட்டி வீங்கிவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சாப்பிடும்போது பெர்னதெத்திடம் ஓடு பற்றிச் சொன்னேன். "ஓ" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்ன பூ?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் கால் தரைக்கு எட்டாது என்று அவள் ஒரு பலகை போட்டு அதன்மேல் கால் வைத்திருப்பாள். அந்தக் கால் ஆடிக்கொண்டிருந்தது.

மே 6, செவ்வாய்

தெய்வசிகாமணியோடு சண்டை. நான் சொன்னது இடுப்பு உயரத்துக்கு மேல் ஜன்னல். அவர் கொண்டுவந்த படத்தில் ஜன்னல் தரைவரை இறங்கியிருக்கிறது. இரட்டைக் கதவு, நகரத்துப் பழைய வீடுகளில் இருப்பது மாதிரி. திறந்தால் நேரே மணலில் இறங்கலாம்.

"இது ஜன்னலா கதவா?"

"ஜன்னல்தாண்ணே. கொஞ்சம் பெரிய ஜன்னல்."

"நான் சொன்னேனா?"

"அளவு போட்டுப் பாத்தா அப்படித்தான் வருது."

படம் கட்டம் போட்ட தாளில், பென்சிலில், அவ்வளவு நேர்த்தி. உயரம் 7 அடி என்று எழுதி, 7-க்குக் குறுக்கே ஒரு கோடு. தெய்வசிகாமணி எட்டாவதோடு நின்றவர். இவ்வளவு சுத்தமாக எழுதுவாரென்று தெரியாது. சரி, அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மே 9, வெள்ளி

பள்ளி விடுமுறை. பெர்னதெத் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனாள். தையல்கடை தெய்வசிகாமணி பட்டறைக்கு அடுத்த கட்டடம். போகிறாயே, மேசைக் கால் கடைந்தாகிவிட்டதா என்று பார்த்து வா என்றேன். "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்றாள்.

மே 14, புதன்

பெயின்ட் அட்டை வந்தது. கடல்பச்சை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். பெர்னதெத் குழம்புக் கரண்டியை அதன்மேல் வைத்துவிட்டாள். கரண்டி இருந்த இடம் இளமஞ்சள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது இளமஞ்சளும் மோசமில்லை என்று பட்டது. இளமஞ்சளே சொல்லிவிட்டேன். இது என் சொந்த முடிவு.

மே 16, வெள்ளி

மறுபடி தையல்கடை. இது மூன்றாவது தடவை. ஒரு ரவிக்கைகூட வீடு வந்து சேரவில்லை.

மே 20, செவ்வாய்

அஞ்சாப்புலி வந்தான். விசைப்படகில் தொழில் செய்பவன். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருவான், அவன் நின்றால் இருபது பேரும் நின்றுவிடுவார்கள். ஜன்னலைப் பார்த்ததும் முகம் போன போக்கு சரியில்லை.

"என்னாண்ணே இது. ஊருக்கே தெரியற மாதிரி தொறந்து வுட்ருக்கீங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்க கருவாடு காயவைக்க இந்தப் பக்கந்தான் வருவாங்க."

"பாத்தா என்னடா? குடிக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியறது வேற, பாக்கறது வேறண்ணே."

ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வந்து ஒருமுறை உட்கார்ந்து பார், பிறகு பேசலாம் என்று அனுப்பினேன்.

மே 25, ஞாயிறு

வந்தார்கள். பதினோரு பேர். பெஞ்சுகளைக் கடல் பார்க்கப் போட்டு, ஆளுக்கு ஒரு சோடா கொடுத்தேன். சோடா தீர்ந்தும் அசையவில்லை. ஒரு மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்புராசு என்கிற சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாப்பது நாளாச்சுண்ணே உள்ள போயி" என்றான் அஞ்சாப்புலி. "இங்க உக்காந்தா படகுல உக்காந்த மாதிரியே இருக்கு. எங்க வூட்டுல பாத்தா பாத்துட்டுப் போவட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன். தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு நான்கு பெஞ்சையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்கச் சொன்னேன், கடல் பார்த்தபடியே. "இப்பவேவாண்ணே? கொஞ்ச நாள் போவட்டுமே" என்றார். முடுக்குங்கள் என்றேன்.

மே 26, திங்கள்

ஒருவரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். சுவர் காரணமில்லை. விரிசலைப் பூசியிருக்கலாம், கொத்தனாரே அப்படித்தான் சொன்னார். நான்தான் இடிக்கச் சொன்னேன். ஜூன் 22 கடை திறக்கும் நாளில் பெர்னதெத் உள்ளே வரவேண்டும். வந்து அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த என் தொழில், என் அப்பா விட்டுப்போன இடம், அதை என் பெண்டாட்டி மட்டும் பார்த்ததில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கடையைத் தாண்டிப் போவாள். நான் வாசலில்தான் நிற்பேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அது வலிக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

நாற்காலி வந்தது. கைப்பிடி வளைவு தடவத் தடவ ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன், முட்டி மேலே எழும்பியது. அளந்தால் பதினைந்தரை அங்குலம்.

"பதினேழுதானே சொன்னேன்?"

"குள்ளமான கஸ்டமருக்குப் பதினேழும் எட்டாதுண்ணே" என்றார் தெய்வசிகாமணி, இழைப்புளியால் மரம் சீவுவதை நிறுத்தாமல்.

ஜூன் 11, புதன்

மீன்கூடை பின்னுகிறவரிடம் சொல்லிச் செய்த விளக்குக் கூடுகள் பன்னிரண்டையும் மாட்டியாயிற்று. மஞ்சள் சுவரில் வலை வலையாக நிழல் விழுகிறது. பலகைத் தடுப்பு எல்லாம் போய்விட்டது. மெருகேற்றிய கவுண்டரில் என் முகம் தெரிகிறது. நல்ல முகம்தான், வயசாகிவிட்டது.

ஜூன் 14, சனி

தடைக்காலம் முடிந்தது. படகுகளுக்குப் புது வர்ணம், மாலை. இன்றிரவு கிளம்புகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

நான் ஒரு மடையன்.

நேற்று அதிகாலை கடலுக்குப் போனவர்கள் இன்று மாலை நான்கு மணிக்குக் கரையேறினார்கள். திறப்புக்கு இன்னும் ஆறு நாள் இருந்தாலும் ஆசையாக அழைத்தேன். அஞ்சாப்புலி உள்ளே வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், கடலைப் பார்த்தான். எழுந்து ஜன்னலோரம் தரையில் போய் உட்கார்ந்து கடலுக்கு முதுகைக் காட்டினான். மற்றவர்களும் வரிசையாக அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். என் தேக்கு பெஞ்சுகள் நான்கும் காலி.

"என்னடா ஆச்சு? அன்னிக்கு கண்ணெடுக்காமப் பாத்தீங்களே?"

"அன்னிக்கு வேலை இல்லண்ணே, பாத்தோம். ரெண்டு நாளா அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். இங்க வந்தும் அதையேவா? நீங்க ராத்திரி வூட்டுக்குப் போயி கடைய நெனச்சுக்கிட்டா படுப்பீங்க?"

பக்கத்தில் இருந்த குப்புராசு, "அதும் அது நம்மளையே பாக்குதுண்ணே" என்றான்.

வேலையில்லாத மீனவனை வைத்து வேலையிருக்கிற மீனவனுக்கு அளவெடுத்திருக்கிறேன். போல்ட்டைப் பிடுங்கி பெஞ்சைத் திருப்பினால் ஓடு உடையும். அப்படியே விட்டால் இவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். ஜன்னலை அடைத்துவிடலாம். அடைத்தால் மஞ்சள் சுவரும் விளக்குக் கூடும் எதற்கு, அந்த நாற்காலி எதற்கு.

ஜூன் 17, செவ்வாய்

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் பெர்னதெத். ஒன்றுமில்லை என்றேன். டைரியில் எழுதியதைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

காலையிலேயே தெய்வசிகாமணி வந்து நின்றார். கையில் கட்டம் போட்ட தாள்.

பெஞ்சு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. முதுகுப் பலகை மட்டும் தனி. இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டையில் கோத்து, பிடித்துத் தள்ளினால் பின்னாலிருப்பது முன்னால் வந்துவிடும். கடல் பார்க்க வேண்டியவன் கடலைப் பார்க்கலாம், கடலுக்கு முதுகு காட்ட வேண்டியவன் காட்டலாம். பட்டையின் நீளம் 27 அங்குலம். 7-க்குக் குறுக்கே கோடு.

"பழைய ரயில்ல இப்படி ஒரு சீட்டு இருந்திச்சாம்ணே" என்றார்.

"யார் சொன்னது?"

"சொன்னாங்க."

தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாலு நாளில் முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

ஜூன் 21, சனி

முடிந்தது. அஞ்சாப்புலி பலகையை முன்னும் பின்னும் பத்துத் தடவை தள்ளிப் பார்த்தான். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "இப்பக் கருவாடு காயவைக்கறவங்களுக்கு முதுகுதான் தெரியும். முதுகை வெச்சு எவ கண்டுபுடிப்பா" என்றான். ஆக, அந்தக் கவலையும் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து பெர்னதெத்திடம், "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடை திறக்கறோம்" என்றேன். நான்கு நாளாகத் தயார் செய்த வாக்கியம் இன்னும் நீளமானது. மீதியைச் சொல்லாமல் கைகழுவப் போய்விட்டேன்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. பேப்பர் திருத்தணும்" என்றாள்.

பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. என்ன பேப்பரோ.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலரைக்கே வாசலில் நின்றுவிட்டேன். பச்சைத் திரை கிடையாது, மாலை கட்டியிருந்தேன். வாசப்படியை நானே இரண்டு தடவை கழுவினேன். ஐந்துக்கு ஆட்கள் வந்தார்கள். கைகொடுத்தேன், உள்ளே அனுப்பினேன், சாலையைப் பார்த்தேன். ஐந்தேகால். ஐந்தரை. ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் கழுத்து நீண்டது. உள்ளே கலகலவென்று பேச்சு, பலகை தள்ளுகிற சத்தம், சிரிப்பு. திடீரென்று உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என்ன உடைந்ததோ என்று நினைத்தேன். ஆனாலும் வாசலை விட்டு அசையவில்லை, நான் உள்ளே போகிற நேரம் பார்த்து அவள் வந்துவிட்டால்?

அஞ்சாப்புலி வந்து என் தோளைத் தொட்டான். வாயில் கை வைத்து, காதுக்குள் சொல்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணே, உள்ள வாங்க. டீச்சர் வந்து உக்காந்திருக்காங்க."

ஓடினேன். கடை முழுக்க எழுந்து நிற்கிறார்கள், வகுப்பில் நிற்பது மாதிரி. கிளாஸெல்லாம் பெஞ்சுக்கு அடியில். இரட்டைக் கதவு திறந்திருக்கிறது. ஜன்னலோரம், அந்த நாற்காலியில், பெர்னதெத். செருப்பு கையில், காலெல்லாம் மணல். கடற்கரை வழியாகச் சுற்றி வந்து மணலிலிருந்து நேரே உள்ளே ஏறியிருக்கிறாள். இரண்டு பாதமும் பூப்போட்ட ஓட்டில் முழுசாகப் பதிந்திருந்தன.

"உக்காருங்கப்பா" என்றாள் அவர்களைப் பார்த்து. எல்லோரும் உட்கார்ந்தார்கள். "அஞ்சாப்புலி, கிளாஸை எடுத்து மேல வை. கால் பட்டு உடையப்போவுது."

எனக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் போய் நின்றேன். கேட்க நினைத்தது ஆயிரம், வாயில் வந்தது இதுதான்.

"வாசப்படிய..."

"மிதிக்கலையே" என்றாள். "பன்னீர் சோடா இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தேன். ஏழு மணிவரை கடலைப் பார்த்தபடி குடித்தாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகக் குடித்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கால் வலித்தது, நகரவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த 7 யாருடையது என்று மே மாதமே எனக்குத் தெரியும். நான் அவ்வளவு மடையன் இல்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று கேட்கவில்லை. ஆனால் நாற்காலி பற்றி அவளுக்கு எப்படித் தெரியும், பெஞ்சு விஷயம் ஒரே நாளில் எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. தெய்வசிகாமணி உளறியிருப்பார்.

ஜூன் 23, திங்கள்

தெய்வசிகாமணி ஒன்றும் உளறவில்லை. பாவம், அவரைத் திட்டாதீர்கள். குடில் பெட்டியை நான் வாரம் ஒருமுறை துடைப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அது உங்களுக்குத் தெரியவில்லை.

திருத்தங்கள். இருபத்து நான்கு வருஷம் என்று எழுதியிருப்பது தவறு, இருபத்து மூன்று வருஷம் பத்து மாதம். ஐந்தரை மணிக்கு நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் தவறு. ஸ்கூட்டரில் கண்ணாடி இருக்கிறது. அதில் நீங்கள் வளைவுவரை தெரிவீர்கள்.

நேற்று இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தீர்கள். எனக்கு நாற்காலி செய்யச் சொல்லத் தெரிந்தவருக்குத் தனக்கு ஒன்று செய்யத் தோன்றவில்லை. இன்று ஐந்தரைக்கு வருவேன். இந்தப் பக்கத்துக்குள் நான் மடித்து வைத்திருக்கும் தாளைத் தெய்வசிகாமணியிடம் கொடுங்கள். அதே கைப்பிடி, அதே வளைவு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட. உயரம் 17 அங்குலம்.

குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.